கோரைக்கு அடித்த மருந்து

நாச்சிமுத்துவுக்குக் கோரை மேல் இருந்தது சாதாரணக் கோபம் இல்லை. பங்காளிகள் மேல்கூட அவர் அப்படிப் பல்லைக் கடித்தது கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, திண்டுக்கல்லில் வடமதுரை ரோட்டுப் பக்கம் கட்டிய வீட்டைச் சுற்றிக் கத்தரி, வெண்டை, கீரை என்று போட்டார். எல்லாம் வந்தது. கூடவே கோரையும் வந்தது. பிடுங்கினால் புல் மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கொத்திப் பார்த்தார். ஒன்று இருந்த இடத்தில் ஒன்பது முளைத்தது. உப்பைக் கரைத்து ஊற்றினார். கத்தரி கருகியது, கோரை கருகவில்லை. பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடினால் அதையும் ஊசி போலக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

"விட்டுத் தொலைங்களேன். அது பாட்டுக்கு ஒரு ஓரமாக் கெடக்கட்டும்" என்றாள் மனைவி சண்முகவள்ளி.

எப்படி விடுவார்? தெருவின் வாட்ஸ்அப் குழுவில் விஷமில்லாத தோட்டத்தைப் பற்றித் தினமும் விடிந்ததும் பாடம் நடத்துகிறவர் அவர். மாட்டுச் சாணம், வேப்பம்புண்ணாக்கு, மோர்க்கரைசல் என்று அவர் அனுப்புவதைப் படிக்கிறார்களோ இல்லையோ, எல்லாரும் கும்பிடு போட்டுவிடுவார்கள். அக்கம்பக்கத்துக்குக் கீரை கொடுக்கும்போதுகூட, "கழுவவே வேணாம்மா. மருந்து படாத கீரை. அப்படியே கிள்ளிச் சட்டியில போடு" என்று சொல்லித்தான் கொடுப்பார். அப்படிப்பட்டவர் தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்குக் கோரை நின்றால் ஊர் சிரிக்காதா?

கடைசியில் ஒருநாள், தன்னைத் தெரியாத உரக்கடையாகத் தேடிப் போய்க் களைக்கொல்லி ஒரு பாட்டில் வாங்கினார். தாளில் சுற்றி, பைக்குள் வைத்து, அதன் மேல் வாழைப்பழத்தை வைத்து, சாராயம் வாங்கியவர் போலத் திரும்பினார். "சாப்பிடுற செடி மேல பட்டுறக் கூடாதுங்கய்யா, பட்டா அதை வாயில வச்சிராதீங்க" என்று கடைக்காரர் சொன்னதற்கு, எனக்கா சொல்கிறாய் என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

சனிக்கிழமை விடியற்காலையில், தெரு எழுந்திருக்கும் முன்னே ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். பாதி முடிக்கவில்லை. பக்கத்து வீட்டு நர்கீஸ் மல்லிகை பறிக்கக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். தோல் வியாபாரம் செய்யும் அப்துல் கையூமின் மனைவி அவள். நாச்சிமுத்துவுக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லாத குறையை இங்கே குடிவந்த நாளிலிருந்து தீர்த்து வைத்தவள்.

"என்னண்ணே, காலங்காத்தால மருந்தா அடிக்கிறீக?"

"மருந்துதான் தங்கச்சி."

இதுவரைக்கும் பொய் இல்லை. நம் ஊரில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான், பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான், களையைச் சாகடிப்பதும் மருந்துதான். ஆனால் நர்கீஸ் விடவில்லை.

"நம்ம வேப்பெண்ணெய் மருந்துதானே?"

ஒரு நொடி நாச்சிமுத்துவின் கை நின்றது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

"பின்னே?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பூரிலிருந்து மகன் பிரபு போனில் கூப்பிட்டது அவருக்கு நல்லதாகப் போயிற்று. மீதி மருந்தோடு ஸ்பிரேயரைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். பேசி முடித்துக் குளித்து, சாப்பிட்டு, செத்த நேரம் கண்ணயர்ந்தும்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நர்கீஸின் மகள் ஷமாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். காலையிலேயே அந்த வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை. நாச்சிமுத்து வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நர்கீஸ் சுவரோரம் வந்தாள். முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. நேத்து உங்களைக் கேக்காம ஒரு திருட்டு வேலை பாத்துட்டேன். புதினாவுல ஒரே பூச்சி. நீங்க தூங்குறீகன்னு அண்ணி சொன்னாக. அதான் உங்க டேங்கை எடுத்து மிச்சம் இருந்த மருந்தை நானே அடிச்சு விட்டேன்."

நாச்சிமுத்துவின் வாயில் நுரை அப்படியே நின்றது.

"கொத்தமல்லிக்கும் ரெண்டு அடி அடிச்சேன். மன்னிச்சுக்கங்கண்ணே, அம்புட்டையும் தீத்துப்புட்டேன்."

மன்னிப்பு! அவள் இவரிடம் கேட்கிறாள். கொப்பளிக்க வேண்டும் என்பதுகூட மறந்து துலக்கிய நுரையை விழுங்கினார்.

"அந்தப் புதினாவைக் கிள்ளிட்டியா?"

"இனிமேத்தான். பிரியாணிக்கு அதைத்தான் போடணும்."

"வேணாம் தங்கச்சி. நான்... மார்க்கெட்டுக்குத்தான் போறேன். நல்ல புதினாவா வாங்கியாறேன்."

"வீட்டுல இம்புட்டு இருக்கையில எதுக்குண்ணே?" என்று அவள் சிரித்தது அவருக்குக் காதில் விழவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தார்.

வழியெல்லாம் ஒரே கணக்குதான். கடைப் புதினாவைக் கொடுத்து அதை மாற்றிவிட்டால் போதும். பிறகு யாருக்கும் தெரியாமல் அவள் பாத்தியை வேரோடு பிடுங்கிவிடலாம். எதையும் சொல்ல வேண்டியது இல்லை. அப்போதே சுவரோரம் நின்று வாயைத் திறந்திருந்தால் வேலை முடிந்திருக்கும் என்று உள்ளே ஒன்று சொல்லத்தான் செய்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே ஏறும்? மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். போதாக்குறைக்குத் திரும்பும் வழியில் ரயில்வே கேட்டையும் மூடிவிட்டார்கள்.

அவர் வந்து சேர்ந்தபோது கையூம் வீட்டு வாசலில் கார் நின்றது. புதினாக் கட்டோடு பின்பக்கமாகச் சமையல் இடத்துக்கு ஓடினார். பிரியாணித் தேக்சாவின் வாயை மாவு வைத்து அடைத்துத் தம் போட்டிருந்தார்கள். மூடி மேல் கங்கு கிடந்தது.

"எங்கண்ணே போனீக? உங்களைப் பாத்துப் பாத்து வீட்டுப் புதினாவையே கிள்ளிப் போட்டுட்டேன்" என்றாள் நர்கீஸ். "நீங்க சொன்ன மாதிரிதான், கழுவக்கூட இல்லை. வந்தவுககிட்டயும் பெருமையாச் சொல்லிட்டேன்."

அதற்குள் கையூம் வந்து, "அண்ணே, இங்க என்ன பண்றீக? உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை முகமது யாசின், அவனுடைய அத்தா, அம்மா, இன்னும் நாலு பேர். "இவுகதான் நாங்க சொன்ன அண்ணன். எங்க வீட்டுல எந்த நல்லது கெட்டதுக்கும் இவுகளைக் கேக்காமச் செய்யிறதில்லை" என்றார் கையூம். மாப்பிள்ளையின் அத்தா எழுந்து கையைக் கொடுத்தார். நாச்சிமுத்துவின் கை ஈரமாக இருந்தது. இன்னொரு கையில் புதினாக் கட்டு தொங்கிக்கொண்டிருந்ததையே அப்போதுதான் கவனித்தார்.

"உங்க தோட்டத்தைப் பத்தித்தான் தங்கச்சி பேசிக்கிட்டே இருந்துச்சு. இந்தக் காலத்துல வெசம் இல்லாத சாப்பாடு எங்கங்க கெடைக்குது?" என்றார் அந்த மனிதர்.

துணியை விரித்தார்கள். தட்டு வந்தது. பின்பக்கம் மூடியைத் தட்டித் திறக்கும் சத்தம் கேட்டது. வாசனை கூடத்துக்கே வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் ஷமாவின் வளையல் சத்தம். இன்னும் கொஞ்சம் போனால் எல்லார் வாயிலும் சோறு இருக்கும். நாச்சிமுத்துவுக்குச் செத்துப்போனால்கூடத் தேவலை என்று இருந்தது.

"யாரும் சாப்பிடாதீங்க" என்றார். சத்தம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

எல்லாரும் பார்த்தார்கள். தேக்சாவைத் தூக்கி வந்தவர்கள் நடையிலேயே நின்றார்கள்.

"அந்தப் புதினாவுல அடிச்சது வேப்பெண்ணெய் இல்லை. களைக்கொல்லி. கோரைக்கு நான் வாங்கி வச்சது. தங்கச்சி கேட்டப்ப நான்தான்... இயற்கை மருந்துன்னு பொய் சொல்லிட்டேன். அது தெரியாம எடுத்து அடிச்சிருச்சு."

மாப்பிள்ளையின் அம்மா தன் முன்னால் இருந்த தட்டைக் கையால் மெதுவாகத் தள்ளி வைத்தார். அந்தத் தட்டு நகர்ந்ததை நாச்சிமுத்து சாகும்வரை மறக்க மாட்டார்.

"காலையில வாங்கியாறேன்னு ஓடுனீகளே," என்றார் கையூம் நிதானமாக. "அப்பவே தெரியுமா?"

நாச்சிமுத்து ஆமாம் என்று தலையை ஆட்டினார். நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. திட்டினால் தேவலையே என்று காத்திருந்தார். கையூம் திட்டவில்லை. பேண்ட் பையிலிருந்து போனை எடுத்து ஏதோ ஹோட்டலுக்குப் பேசப் போய்விட்டார். "சொன்னாரே, அதுவரைக்கும் நல்லது. ஆண்டவன் காப்பாத்துனான். சாப்பாடு கெடக்குது, பொண்ணைக் கூப்பிடுங்க, பாப்போம்" என்று மாப்பிள்ளையின் அத்தா பேச்சை மாற்றினார். வந்தவர்கள் பெரிய மனுஷர்கள். இவர்தான் அவர்கள் நடுவில் சின்ன மனுஷனாக நின்றுகொண்டிருந்தார்.

பின்வாசல் வழியாக வெளியேறினார். கொல்லையில் நர்கீஸ் குழி வெட்டச் சொல்லி, அவ்வளவு பிரியாணியையும் அதில் கொட்ட வைத்துக்கொண்டிருந்தாள். நாயோ கோழியோ வாய் வைத்துவிடக் கூடாதாம். சீரகச்சம்பாவும் கறியும் ஆவி பறக்க மண்ணுக்குள் போயின. விடியற்காலம் எழுந்து அவள் ஆக்கியது.

"தங்கச்சி, நான்..." என்று ஆரம்பித்தார். "மல்லியும் போயிரும். எல்லாத்தையும் நானே பிடுங்கி, மண்ணை மாத்தி..."

நர்கீஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபமாகக்கூட இல்லை.

"பரவாயில்லைங்க சார். நாங்க பாத்துக்கிறோம். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள்.

சுவர் இடுப்பளவுதான். எப்போதும் தாண்டித்தான் போவார். இன்றைக்குத் தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சண்முகவள்ளி வாசலிலேயே நின்றாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. "நர்கீஸ் என்ன சொன்னா? ரொம்பத் திட்டிட்டாளா?"

நாச்சிமுத்து படியில் உட்கார்ந்தார்.

"சார்னு சொல்லிருச்சு வள்ளி" என்றார்.