பெரட்டுக்குப் பிந்தி வந்தவள்

நல்லையா சேர் என் கதையை மேசையில் போட்டு, கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவரால் ஒரு வரிகூட வாசிக்க முடியாது. இனி வாசிக்கப்போவதில்லை, பேசத்தான் போகிறார் என்று புரிந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்லா எழுதியிருக்க மதுஷா. உங்கம்மா திரும்பி வர்ற எடத்த மட்டும் எடுத்துரு."

"அதுதாங்க சேர் கதையே."

ஹாலிஎலயில் அவர் வீட்டு முன்னறையில் இருந்தோம். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எழுதிய கதைகளைத் தொகுத்து அவர் ஒரு புத்தகம் போடுகிறார். என் கதை முதன்முதலாக அச்சில் வரப்போவது அதில்தான். புத்தக வெளியீட்டுக்கென்று ஒரு புதுச் சேலைகூட எடுத்து வைத்திருந்தேன்.

கதை பெரியதில்லை. என் அம்மா மாரியாயி கொழுந்து எடுப்பவள். விடியலில் கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதைத்தான் நாங்கள் பெரட்டு என்போம். அதற்குப் பிந்திப் போனால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே அம்மா பெரட்டுக்கு ஓடினாள். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் படிக்கட்டில் விழுந்தாள். எழும்பவில்லை. இது வரைக்கும் நடந்தது. இதற்குப் பிறகு நான் எழுதியதில், அம்மா ஒரு காலை மறுபடியும் வேலைக்கு வருகிறாள்.

"பேய்க்கதையா இது?" என்றார் சேர்.

"பேய்க்கதைன்னா எல்லாரும் அலறி ஓடுவாங்களே சேர். இதுல யாரும் ஓடல."

"அதான் கேக்கிறேன். செத்தவ வந்து நிக்கிறா, ஒருத்தருக்குக்கூட ஆச்சரியம் வரல. எங்க புடிச்ச இத?"

எங்கே பிடித்தேன் என்று சொன்னேன். பதுளைக் கடைத்தெருவில் எழுதுகிற கொப்பியும் புத்தகமும் விற்கும் ஸவாஹிரா அக்காவின் கடையில் வேலை செய்கிறேன். மழை நாளில் ஆள் வராது. அக்கா ஜப்பான் கதைகளின் தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கையில் தந்து, "வாசி புள்ள, சும்மா ஈ ஓட்டாம" என்றார். முதல் கதையிலேயே செத்துப்போன கணவன் அடுப்படியில் வந்து உட்கார்ந்தான். மனைவி கத்தவில்லை. இன்னொரு கோப்பை எடுத்து வைத்தாள். நான் கடையின் நடுவில் நின்றுகொண்டு அழுதேன். அம்மா செத்தபோது எல்லோரும் எனக்குச் சொன்ன ஆறுதலில் ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை, அந்தக் கோப்பை இறங்கிவிட்டது.

சேர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சொன்னார்: "ஜப்பான்காரனுக்கு வயிறு நெறஞ்சிருக்கு. அவன் வீட்டுப் பூனை பேசும், செத்தவன் டீ குடிப்பான். நம்ம லயம் இன்னும் ஒழுகுது. எனக்குத் தல நரைக்கிற வரைக்கும் அதத்தான் எழுதினேன், இன்னும் ஒழுகுது. இதுல நீ செத்தவள வேலைக்கிக் கூட்டிட்டு வந்தா, நம்மள யாரு மதிப்பா? படிக்கட்டோட நிறுத்து. படிக்கிறவனுக்கு வயிறு எரியணும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். எங்கள் தோட்டத்துக்காக அவர் வாங்கிய ஏச்சும் அலைச்சலும் எனக்குத் தெரியும். ஆனால் என் அம்மா யாருடைய வயிற்றையும் எரிப்பதற்கு விறகில்லை.

"எங்களுக்கு அட்டைக்கடியும் சாவும் மட்டும்தான் கதையா சேர்? கொஞ்சம் நல்லது நடந்தா மலையகக் கதை இல்லைன்னு ஆயிருமா?"

"ஞாயித்துக்கிழம கூட்டத்துல எழுதின எல்லாரும் கதைய வாசிக்கணும். படிக்கட்டோட முடிச்சா புத்தகத்துல வரும். இல்லாட்டி வராது" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

ஸ்பிரிங்வெளிக்குப் போகும் வழியில் இருக்கும் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு. முன்வரிசையில் சேர். பின்னால் அம்மாவோடு கொழுந்து எடுத்த பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்திருந்தார்கள். மாரியாயியின் கதை என்று கேள்விப்பட்டு வந்த கூட்டம். அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் எப்போதும் நின்ற தனலெட்சுமி சின்னம்மா நடுவில் இருந்தார்.

படிக்கட்டு வரை வாசித்தேன். மண்டபத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. சேர் மெல்லத் தலையாட்டினார். அங்கே நிறுத்தியிருந்தால் கைதட்டியிருப்பார்கள், புதுச் சேலைக்கும் வேலை வந்திருக்கும். அம்மாவைப் படிக்கட்டிலேயே போட்டுவிட்டு நான் மட்டும் புத்தகத்துக்குள் போய் உட்கார என்னால் முடியவில்லை. பக்கத்தைத் திருப்பினேன்.

"எல்லோரும் மலைக்கு ஏறிய பிறகுதான் அம்மா வந்தாள். கையில் பாதி குடித்த பிளேன்டிக் கோப்பை. கங்காணி நிமிர்ந்து பார்த்து, 'இப்பதான் வர்றியா?' என்றார். 'ஆமாங்க, தூங்கிட்டேன்' என்றாள் அம்மா. 'சரி, குடிச்சிட்டு ஏறு' என்று சொல்லி முழுப்பேர் போட்டார். பக்கத்து நிரைக்காரி கூடையை ஒதுக்கி வழிவிட்டாள். வெயில் நன்றாக வந்திருந்தது."

அவ்வளவுதான் கதை. யாரும் கைதட்டவில்லை. தனலெட்சுமி சின்னம்மா எழுந்து நின்றார்.

"இது பொய்யி."

சேர் திரும்பி அவரைப் பார்த்தார்.

"மாரியாயி ஒரு நாளும் பெரட்டுக்குப் பிந்தினதில்ல. காய்ச்சலோட வந்திருக்கா. ஒன்னயப் பெத்த ஒடம்போட வந்திருக்கா. அவளப் போயி தூங்கிட்டான்னு எழுதிட்டியே, நல்லாயிருக்காடி?"

மற்றப் பெண்களும், "ஆமா, அவ பிந்த மாட்டா" என்றார்கள். செத்தவள் வந்ததைப் பற்றி ஒருத்திக்கும் ஒரு குறையும் இல்லை.

"தெரியும் சின்னம்மா" என்றேன். "உசுரோட இருந்தப்ப ஒரு நாளும் பிந்த விடல. அரைப்பேருக்குப் பயந்து ஓடியே செத்தா. அதான் நான் பிந்த வச்சேன். ஒரு நாளாவது தூங்கட்டும். டீய முழுசாக் குடிக்கட்டும். யாரும் ஏச வேணாம்."

சின்னம்மா உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது சேர் தாழ்ந்த குரலில், "புத்தகத்துல போட முடியாதும்மா" என்றார். கோபமில்லை, களைப்புதான் இருந்தது அந்தக் குரலில்.

"பரவாயில்லங்க சேர். அம்மாவ நான் எடுக்க மாட்டேன். என்னைய எடுத்துருங்க."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன். அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தனலெட்சுமி சின்னம்மா மூச்சு வாங்க வந்து கையைப் பிடித்தார்.

"அடியே, நான் செத்தா என்னையும் எழுது. ஆனா பெரட்டுக்கெல்லாம் வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"வேற எங்க வருவீங்க?"

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரயில்ல அப்புத்தளைக்கிப் போறேன். ஜன்னலோரம். யாரும் டிக்கட் கேக்கக் கூடாது, அதையும் எழுதிரு."

எழுதுகிறேன் என்றேன். எந்த சேர் சொன்னாலும் அதை எடுக்க மாட்டேன்.