தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது குலுக்கல்கள்

ஐந்து ஏரிகளும் உண்மையிலேயே வித்தியாசமானவையா என்று தெரிந்துகொள்ள, அவற்றில் வாழ்பவற்றை ஏரிக்கு ஏரி மாற்றிப்போட்டுத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது தடவை குலுக்குவது எங்கள் அலுவலக வழக்கம். கண்டபடி குலுக்கியும் அதே அளவு வித்தியாசம் அடிக்கடி வந்தால், முதலில் இருந்ததும் தற்செயல்தான். நாரை, கெளுத்தி, நண்டு, கோரைப்புல், கரையில் குடியிருப்போர் எல்லாம் இதில் அடக்கம். முடிந்ததும் அவரவரை அவரவர் இடத்தில் திருப்பி வைத்துவிடுவோம்.

அப்படித்தான் புள்ளியியல் அதிகாரி மெர்லின் மேடம் சொல்கிறார். எனக்கு அந்த அம்மாள் மேல் நம்பிக்கை கிடையாது. இந்த முறை குலுக்கலுக்கு என் மனைவி பூங்கோதை போயிருந்தாள். ஊழியன் என்பதால் எனக்கு விலக்கு. செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தவள் மூன்று முறை தும்மினாள். பூங்கோதை இரண்டோடு நிறுத்துபவள்.

"கெளுத்தி மாறியிருக்கலாம் சார். ஆளு மாறாது" என்றார் மேடம், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு தும்மலை வைத்து முடிவு கட்டக் கூடாது. குடை மாட்டும் இடம், ஒருக்களித்துப் படுக்கும் பக்கம், பேப்பரை எங்கிருந்து படிக்கத் தொடங்குவாள் என்று பதினொரு குணங்களை எடுத்துக்கொண்டேன். பழைய விவரமெல்லாம் அவள் டைரிகளில் இருந்தது. என்னைப் பற்றியும் எழுதியிருந்தாள். பதினொன்றையும் சுருக்கி, வருஷத்துக்கொரு புள்ளியாக ஒரே தாளில் வைத்தேன். ஒத்தவை பக்கத்தில் விழும், ஒவ்வாதவை தள்ளி விழும். ஒப்பிட்டுப் பார்க்க என்னையும் சேர்த்தேன்.

பூங்கோதையின் பன்னிரண்டு வருஷமும் ஒரே கொத்தாக விழுந்தது. இந்த வாரத்துக்கு வைத்த புள்ளியும் அதற்குள்ளேதான் இருந்தது. அவள் அவள்தான்.

என் புள்ளிகள் இரண்டு கொத்தாகப் பிரிந்திருந்தன. நடுவே நான்கு விரல் இடைவெளி. பிரிந்த இடம் எட்டு வருஷத்துக்கு முந்தைய ஏரி சர்வே. அப்போது நான் வேலையில் சேரவில்லை. கரையில் குடியிருப்பவனாகக் குலுக்கலுக்குப் போனேன்.

தாளை அவள் முன் வைத்தேன். வெங்காயம் அரிந்துகொண்டே பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"வந்த அன்னிக்கே தெரியும்ங்க. அவருக்கு விசிலடிக்க வராது. நீங்க அடிச்சிக்கிட்டே வந்தீங்க."

"ஏன் கேக்கல?"

"செருப்ப வாசல்ல விட்டுட்டு உங்க வீடு மாதிரியே உள்ள வந்தீங்க. பாவமா இருந்துச்சு. எப்படிக் கேக்குறது?"

எனக்கு அழுகை வந்தது. அவளைச் சந்தேகப்பட்டதற்கா, நான் நானில்லை என்பதற்கா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அவர் இப்ப எங்க?"

"நாலாவது ஏரியில. தீபாவளிக்குத் தீபாவளி நீங்கதானே அதிரசம் கொண்டுபோய்க் குடுக்குறீங்க."

யோசித்துப் பார்த்தேன். நல்ல மனிதர். உட்காரவைத்துப் பேசித்தான் அனுப்புவார். உள்ளேயிருந்து காபி வரும், எனக்குப் பிடித்த அளவு சர்க்கரையோடு. அந்த வீட்டம்மாள் இதுவரை ஒரு தடவைகூட எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டதில்லை.