பந்துக்கு மெருகு போட்டவள்

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு அறையில் அவள் பொய்ப்பல் செய்துகொண்டிருந்தாள். டாக்டரிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் பல்லம்மாதான். அவள் செய்த பல்லை மாட்டிக்கொண்டு எத்தனையோ பேர் சிரித்தார்கள். அவளோடு சிரித்துப் பேசத்தான் ஆளில்லை.

வீட்டு ஓனர் பெயின்ட் அடிக்க ஆள் விடுவதாகச் சொன்னதால், கட்டிலுக்கடியில் கிடந்ததையெல்லாம் இழுத்துப் போட்டாள். பழைய பை ஒன்றில் கட்டைகளை உருட்டிச் சாய்க்கிற பௌலிங் ஆட்டத்துக்கான அண்ணனுடைய கனத்த பந்து இருந்தது. கருநீலமாக மின்னிய பந்து இப்போது சாம்பல் பூத்துக் கிடந்தது. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது அண்ணன் விட்டுவிட்டுப் போனது. இரண்டு வருடத்துக்கு முன் அம்மா இறந்தாள். அவன் வரவில்லை. பெற்றவள் முகத்தைப் பார்க்க வராதவன் எனக்கு அண்ணனே இல்லை என்று அன்றோடு தலைமுழுகிவிட்டாள்.

தூக்கிப் போடத்தான் எடுத்தாள். ஆனால் மங்கலான எதைப் பார்த்தாலும் அவள் கை சும்மா இருக்காது. அண்ணன் விளையாடப் போன பௌலிங் கூடத்து மெக்கானிக்கைப் போனில் பிடித்துக் கேட்டாள்.

"பழைய பந்து, உருள்ற தரையில பூசற எண்ணெயைக் குடிச்சிருக்கும்மா. முதல்ல அதை வெளியேத்தணும். கொதிக்கிற தண்ணி மட்டும் வேணாம், விரிசல் விட்டுடும். கை பொறுக்குற சூடு போதும்."

விரல் ஓட்டைகளை டேப்பால் அடைத்து, வாளியில் சோப்புத் தண்ணீர் விட்டு முக்கினாள். மஞ்சளாக ஏடு மிதந்தது. மூன்று தடவை தண்ணீர் மாற்றிய பிறகுதான் தெளிந்தது. அப்புறம் ஈர உப்புத்தாள். முதலில் சொரசொரப்பானது, பிறகு நைசு, அதைவிட நைசு. ஒவ்வொரு தாளுக்கும் பந்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பித் தேய்த்தாள். கடைசியில் பல்லுக்கு மெருகு போடும் பஞ்சுச் சக்கரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, சூடேறிவிடாமல் விட்டு விட்டு ஓட்டினாள். நாலு சாயங்காலம் போனதே தெரியவில்லை.

ஞாயிறு காலை பந்தில் அவள் முகம் தெரிந்தது. "அடேயப்பா!" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன பிறகுதான், கேட்க யாருமில்லை என்பது உறைத்தது. கொஞ்ச நேரம் பந்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அண்ணனின் நம்பரைத் தேடி எடுத்தாள்.

"யாரு?"

"நான்தான்."

"சொல்லு."

"உன் பந்து இங்க இடத்தை அடைச்சுக்கிட்டு கிடக்கு. மெருகு போட்டு வச்சிருக்கேன். வந்து எடுத்துட்டுப் போ."

"யாருக்காவது குடுத்துடு. எனக்கு இனி ஆகாது."

"அவ்வளவு பவுசு வந்துடுச்சா உனக்கு?"

"பவுசெல்லாம் இல்ல. ஃபேக்டரியில பிரஸ் மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. வலது கையில கட்டைவிரலும் பக்கத்து விரலும் இல்ல."

"எப்போ?"

"அம்மா போனதுக்கு முந்தின நாள். ஆஸ்பத்திரியில கிடந்தேன். உங்க அண்ணி நாலு தடவை போன் பண்ணினா. நீ எடுக்கல."

சாக்குச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, அண்ணியின் நம்பரையே அன்று பிளாக் செய்துவிட்டிருந்தாள்.

"எப்படிண்ணா சாப்பிடற?"

"இடது கை பழகிடுச்சு. சட்டை பட்டன்தான் வராது. அவ போட்டு விடுவா."

"நான் வரட்டுமா?"

"வந்து என்ன பண்ணப் போற?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். அவள் விசும்புவது கேட்டிருக்க வேண்டும். "வர்றதுன்னா வா. கதவைச் சாத்தவா போறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் டாக்டரிடம் போய் நாலு நாள் லீவு கேட்டாள். பதினோரு வருடத்தில் அவள் லீவு கேட்டது அம்மாவுக்காக ஒரு தடவைதான். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கு என்னம்மா?"

"அண்ணனுக்கு. கையில அடி."

"அடடா, எப்போ?"

"எனக்கு நேத்துதான் சார் தெரிஞ்சுது" என்றாள் அவள்.