அழுத்தினால் கேட்கிறது

எங்கள் டாக்டருக்கு ஹெட்ஃபோன் என்றால் உயிர். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். வீட்டில் நான்கு வைத்திருக்கிறார். காதைச் சுற்றி உட்காரும் குஷனைக் கழற்றித் தோல் குஷன் போட்டுப் பார்ப்பார், வெல்வெட் போட்டுப் பார்ப்பார், தோலில் ஊசியால் துளை குத்திப் பார்ப்பார், உள்ளே பஞ்சு அடைப்பார், விளிம்பில் டேப் ஒட்டுவார்.

"தோல் குஷன் போட்டா மத்தளம் நெஞ்சுல வந்து அடிக்கும். துளை குத்திட்டா அந்த அடியெல்லாம் ஒழுகிப் போயிடும், பாட்டு லேசாயிடும். குஷன் மாறினா ஹெட்ஃபோனே வேறம்மா!" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். இத்தனையும் தெரிந்த மனிதர்தான் அந்த வேலையைச் செய்தார். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அவருடைய கிளினிக்கில் பதினாறு வருடமாகக் காது பரிசோதிப்பவள். ஆளைச் சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, 'ஊம்' என்ற கனத்த ஒலியிலிருந்து 'கீ' என்ற மெல்லிய ஒலிவரை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் அவர் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். எவ்வளவு சன்னமான சத்தம்வரை கேட்கிறது என்று தாளில் குறிப்பேன். அந்தத் தாளைப் பார்த்துத்தான் தொழிற்சாலைகள் ஆளை வேலையில் வைத்துக்கொள்கின்றன, இறக்கியும் விடுகின்றன.

தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்கு முன் அதே ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிப் பார்ப்பேன். என் காதின் அளவு எனக்கு மனப்பாடம். அது மாறாமல் இருந்தால் மிஷின் சரி, மாறினால் ஏதோ கோளாறு. பார்த்ததைப் பதிவுத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

தங்கையின் பிரசவத்துக்காக ஒரு வாரம் லீவு போட்டேன். திரும்பி வந்தால் மிஷினின் ஹெட்ஃபோனில் புதுக் குஷன். பழையது கெட்டியான ரப்பர், காதைக் கவ்விப் பிடிக்கும். புதியது பஞ்சு போல மெத்தென்று இருந்தது. சுற்றிலும் பொடிப்பொடியாகத் துளைகள்.

"என்ன டாக்டர், குஷன் மாறியிருக்கு?"

"காது வலிக்குது, வேர்க்குதுன்னு எல்லாரும் புலம்பறாங்கல்ல? அதான்."

"அளவெல்லாம் சரிபார்த்தாங்களா?"

"சர்வீஸ்காரர் வந்து செட் பண்ணிட்டுப் போயிட்டாரும்மா. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

என் வேலையைப் பார்த்தேன். ஹெட்ஃபோனை மாட்டினேன். கீச்சு ஒலிகள் எப்போதும்போல் கேட்டன. கனத்த ஒலிகள் கேட்கவில்லை. நாலைந்து படி சத்தத்தைக் கூட்டிய பிறகுதான் 'ஊம்' என்று வந்தது. இரண்டு காதிலும் அப்படித்தான்.

கோளாறு என் காதில்தான் என்று தோன்றிவிட்டது. என் அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் காது போனது. காதுக்குள் இருக்கும் குட்டி எலும்பு இறுகிப்போகிற வியாதி. முதலில் கனத்த ஒலிதான் போகும். பெண் பிள்ளைகளுக்கும் வரலாம் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். எனக்கு நாற்பத்தொன்று நடக்கிறது. மிஷினைத்தான் சர்வீஸ்காரர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாரே, பிறகென்ன? காது போனவளைக் காது பரிசோதிக்க யார் வைத்துக்கொள்வார்கள்? கணவரிடம்கூட வாயைத் திறக்கவில்லை. பதிவுத்தாளில் போன மாத எண்களைப் பார்த்து அப்படியே எழுதினேன். மறுநாளும் எழுதினேன். பத்து வாரம் எழுதினேன்.

வருகிறவர்களுக்கும் கனத்த ஒலி மந்தமாகத்தான் இருந்தது. மழைக்காலம், ஊரெல்லாம் சளி. சளி என்றே நினைத்துக்கொண்டேன். பயம் வந்துவிட்டால் படித்த படிப்பெல்லாம் எங்கே போகிறதோ!

ஆறாவது வாரம் மேல்மாடி வந்தார். இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுபவர். நாற்பதடி உயரத்தில் கேபினுக்குள்ளேயே கிடப்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். "மேல்மாடி காலின்னு யாரும் சொல்ல முடியாது மேடம், அதுல நான் குடியிருக்கேன்" என்று வருடாவருடம் அதே ஜோக்கைச் சொல்வார், நானும் வருடாவருடம் சிரிப்பேன். ஆலைச் சத்தத்தில் அவருக்குக் கீச்சு ஒலி ஏற்கெனவே கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் தேறிவிடுவார்.

அன்று பாதிப் பரிசோதனையில் இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். நான் மைக்கில் அதட்டினேன்.

"கையை எடுங்க! ஏமாத்தற வேலையெல்லாம் இங்க வேணாம்."

"இல்ல மேடம், அழுத்தினா கேக்குது..."

"கையை எடுங்கன்னு சொல்றேன்ல?"

எடுத்துவிட்டார். எல்லா எண்களையும் கூட்டிப் பார்த்தபோது தகுதிக் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளை வாங்கிக்கொண்டு, தப்பு செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டே போனார்.

நான்கு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலை அவருடைய மனைவி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வரவேற்பில் உட்காரக்கூட இல்லை.

"ஏம்மா, நீதான் இவரு காதைப் பாத்தவளா? கிரேனை விட்டு இறக்கிட்டாங்க. ஸ்டோர்ல போல்ட்டு எண்ண விட்டிருக்காங்க. பாதிச் சம்பளம். இந்த மாசக் கடைசியில வேற ஆளை நிரந்தரமா ஏத்திடுவாங்களாம். இவருக்கு நல்லாக் காது கேக்குதும்மா! அடுக்களையில நான் முணுமுணுக்கறது வாசல்ல இருக்கறவருக்குக் கேட்டுச் சண்டைக்கு வர்றாரு!"

"விடு, மிஷின் பொய்யா சொல்லும்?" என்றார் மேல்மாடி.

"நீ சும்மா இரு! மிஷின் உனக்கு மாமனா மச்சானா?"

இன்னொரு முறை பார்த்து அனுப்பிவிடலாம் என்று உள்ளே அழைத்துப்போனேன். மறுபடியும் அதே எண்கள். மறுபடியும் அவர் கை மேலே போனது, நான் அதட்டுவதற்கு முன் தானாகவே இறங்கியது. அந்தக் கை இறங்கிய விதம் என்னை என்னவோ செய்தது.

உள்ளே போய் ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டிக்கொண்டேன். அவரிடம் மிஷினைக் காட்டி, கனத்த ஒலியை அனுப்பும் சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கச் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன்.

'ஊம்.'

கையை எடுத்தேன். இல்லை. அழுத்தினேன். 'ஊம்.' துளை வழியாகக் கனத்த ஒலி வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்! என் காதுக்கு ஒன்றுமில்லை! பத்து வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போனது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வெட்கமில்லாமல், அந்த மனிதர் எதிரில் நின்றுகொண்டு சிரித்தேன். அவர் ஒன்றும் புரியாமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கோபம் தலைக்கேறியது.

ஹெட்ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை.

"இதுல துளை குத்தினது யாரு?"

"நான்தான். எவ்வளவு நீட்டா இருக்கு பாத்தீங்களா? ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து..."

"சர்வீஸ்காரர் வந்தாரா, இல்லையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் வர மூணு மாசம் ஆகும்னான். குஷன்தானேம்மா? மிஷினையா மாத்தினேன்?"

"குஷன் மாறினா ஹெட்ஃபோனே வேறன்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு?"

"அது பாட்டு கேக்கறதுக்கு! இது வெறும் பீப் பீப்னு கத்தறதுதானே!"

என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். எழுத முடியாது. பதினாறு வருட மரியாதையை ஒரே மூச்சில் தீர்த்தேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பதிவுத்தாள்களை எடுத்து என் முன் பரப்பினார்.

"தினமும் காலையில செக் பண்ணி, எல்லாம் சரின்னு எழுதியிருக்கீங்க. இது உங்க கையெழுத்துதானே? யாராவது கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன். மிஷின் சரியாத்தான் இருந்திருக்கு. அந்த ஆளுக்குத்தான் காது போச்சு. பேசாம போங்க."

மனுஷனா அவர்! ஆனால் அந்தத் தாள்களில் இருந்த எழுத்து அவருடையதல்ல. ஒவ்வொரு எண்ணும் முத்து முத்தாக என் கையால் எழுதியது.

நான் பேசாமல் போகவில்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஆலைக்குக் கடிதம் எழுதினேன். மேல்மாடியும் அவர் மனைவியும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் தன்னிச்சையாகக் குஷனை மாற்றினார், துளை குத்தினார், சர்வீஸ்காரர் வந்ததாகப் பொய் சொன்னார் என்று ஆரம்பித்து ஒரு பக்கம் காரசாரமாக எழுதினேன். பேனா முனை தாளைக் கிழித்தது. இந்தப் பத்து வாரத்தில் வந்த எல்லோரையும் திரும்பப் பரிசோதிக்க வேண்டும் என்றும், பதிவுத்தாளில் இருப்பவை உண்மையான அளவுகள் அல்ல என்றும் கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். படித்துப் பார்க்கும்படி மேல்மாடியிடம் கொடுத்தேன்.

அவர் உதடு அசைய நிதானமாகப் படித்தார். கடைசி இரண்டு வரிக்குத் திரும்பத் திரும்பப் போனார்.

"உண்மையான அளவு இல்லைன்னா என்ன மேடம்? யாரோடது?"

சொன்னேன். அம்மாவின் காதைப் பற்றி, என் பயத்தைப் பற்றி, பழைய எண்களைப் பார்த்து எழுதியதைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். மேல்மாடி சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதே ஹெட்ஃபோன்ல உங்களுக்கும் கேக்கலை" என்றார்.

"ஆமா."

"நீங்க பாஸ்னு எழுதிக்கிட்டீங்க."

"ஆமா."

"எனக்கு ஃபெயில் போட்டீங்க."

நான் கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கினேன். டாக்டரைப் பற்றி எழுதியிருந்த அந்த ஒரு பக்கத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். புதுத் தாள் எடுத்து, என் பெயரையும் படிப்பையும் பதினாறு வருட சர்வீஸையும் மேலே எழுதிவிட்டு, 'நான் பொய் எழுதினேன்' என்று ஆரம்பித்தேன்.