சுழற்சியில் வந்த வக்கீல்

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசுச் செலவில் வாதாடுகிறவர்களை இனி கணினிதான் பொறுக்கி எடுக்கும் என்று உத்தரவு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சுழற்சி முறை என்று பெயர். எந்தக் கேஸ் யார் தலையில் என்பது அன்றன்று காலையில்தான் திரையில் தெரியும். வழக்குகள் சீக்கிரம் முடியுமாம். முடியும்தான். யாருக்கும் யாரையும் தெரியாவிட்டால் பேச்சு எங்கிருந்து வளரும்?

தாடி வக்கீலுக்குக் கோபம்கூட வரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் இது அவர் பார்க்கும் ஐந்தாவது சீர்திருத்தம். அவருக்கு இருந்த ஒரே கவலை, அன்று காலை வேறு வக்கீலுக்குப் போய்விட்ட குருவி.

குருவி கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். நாற்பது வயது. செப்புக் கம்பி திருடியதாக உள்ளே வைத்திருந்தார்கள். ஒத்துக்கொண்டால் இரண்டு வருஷம். கம்பி காணாமல் போன அன்று அவன் காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்கான சீட்டுதான் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் குருவியிடம் ஒரு கோளாறு. அதிகாரமாக யார் எதைக் கேட்டாலும் ஆமா என்றுவிடுவான். இல்லை என்று சொன்னால் அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவன். இதைக் கண்டுபிடிக்கத் தாடிக்கே இரண்டு கேஸ் ஆனது. அப்புறம் 'எங்க இருந்த, யாரு கூட இருந்த' என்று மட்டுமே கேட்கப் பழகிக்கொண்டார்.

கேஸை ஒப்படைக்கும் படிவத்தில் இதையெல்லாம் எழுத இடமில்லை. நோய் உண்டா, மொழி புரியுமா என்று இரண்டு கட்டங்கள். அவ்வளவுதான்.

கோர்ட்டு நடையில் ஒரு சின்னப் பெண், கறுப்புக் கோட்டு, கக்கத்தில் பத்தொன்பது கேஸ் கட்டு, வாயில் பாதி பிஸ்கட்.

"அம்மா, பதினாலாம் நம்பர், குருவி கேஸ், உங்களுதா?"

"என் தலையிலதான் விழுந்திருக்கு. நடந்துக்கிட்டே சொல்லுங்க சார்."

"அவன் எதைக் கேட்டாலும் ஆமாம்பான். நம்பிடாதீங்க."

"காலைல நீதான் எடுத்தியான்னு கேட்டேன், ஆமான்னான். எனக்கு வேலை மிச்சம்னு நெனச்சேன்."

"அதைத்தான் சொல்றேன்."

"கோவிச்சுக்காதீங்க சார். பழைய வக்கீலுங்க எல்லாரும் இப்படித்தான் வந்து நிக்கிறாங்க, என் ஆளு தங்கம்னு. காலைலேர்ந்து இது நாலாவது தங்கம்."

தாடி உள்ளே போய் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார். தன் கேஸ் இல்லாததில் வாய் திறந்தால் சட்ட உதவி வக்கீல்கள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அதுவும் உத்தரவில் இருந்தது.

பதினாலு வந்தது. குருவி கூண்டில் கையைக் கட்டி நின்றான்.

"குத்தத்த ஒத்துக்கிறியா?" என்றார் நீதிபதி.

"ஆமாங்கய்யா." நல்ல பிள்ளையாகச் சிரித்தான்.

நீதிபதியின் பேனா குனிந்தது. தாடி எழுந்துவிட்டார்.

"ஐயா, அவன் எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவான்."

"இது உங்க கேஸா?"

"இல்லைங்க."

"அப்ப உக்காருங்க." குமாஸ்தா பக்கம் திரும்பி, "இவர் பேரைக் குறிச்சுக்கோ."

சின்னப் பெண் திரும்பித் தாடியை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். "ஐயா, ஒரே நிமிஷம்" என்று குருவியிடம் போய் அதட்டினாள்.

"உன்னைப் பெத்தது நான்தானே?"

அவளுக்கு இருபத்தேழு வயது இருந்தால் அதிகம்.

"ஆமாங்கம்மா."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இந்தக் கோர்ட்டுக் கட்டடத்தையும் நீதான் திருடினியா?"

"ஆமாங்கம்மா."

"அன்னைக்கு எங்க இருந்த?"

குருவி முதல்முறையாக யோசித்தான். "ஆஸ்பத்திரியில. பக்கத்துக் கட்டில் ஆளு விடிய விடிய இருமி உயிரை வாங்கிட்டாரு."

நீதிபதி பேனாவை மூடினார். ஒப்புதலை ஏற்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை வரவழைக்க மூன்று வாரம் வாய்தா. அதுவரை குருவி உள்ளேதான்.

வெளியே வந்ததும் தாடி, "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

"நன்றி கிடக்கட்டும். உங்க பேரை எழுதிட்டாங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அடுத்த வாய்தாவுக்கு இவன் எனக்கு வரமாட்டான் சார். வேற எவருக்கோ போவான். அப்பவும் எந்திரிச்சு நிப்பீங்களா?"

"உள்ள விட்டா நிப்பேன்."

பதினைந்தாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவள் ஓடினாள்.

தாடிக்குக் கீழே கைதிகள் அறையில் அன்றைய ஆள் காத்திருந்தான். லாரி டிரைவர். கேஸ் கட்டுக்குள் இரண்டே தாள். படிவத்தின் கட்டங்கள் எல்லாம் ஒழுங்காக நிரம்பியிருந்தன.

"சொல்லுப்பா, என்ன நடந்துச்சு?"

"எல்லாத்தையும் போன தடவை வந்த கண்ணாடி போட்ட வக்கீல் மேடம்கிட்ட சொல்லிட்டேனே சார். அவங்களுக்கு அத்தனையும் தெரியும். வரலையா?"

"வரமாட்டாங்க."

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

தாடி சட்ட உதவி அலுவலகத்துக்குப் போன் போட்டு, அந்த மேடம் இன்று எந்தக் கோர்ட்டில் என்று கேட்டார். திரையைப் பாருங்கள் என்று வைத்துவிட்டார்கள். கேஸைக் கூப்பிட இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.

"நீ ஒண்ணும் தப்பாப் பேசல" என்றார். "முதல்லேர்ந்து சொல்லு. கொஞ்சம் சுருக்கமா."