ஐம்பதுக்கு முப்பத்தெட்டு

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம். மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. நீதான் கணக்கு படிக்கிற. போன்ல நல்ல ஆப் ஒண்ணு பார்த்துப் போடு. மிச்சம்னு ஏதாவது இருந்தா உன் ரெண்டாவது பருவத்துக்குக் கட்டு. இல்லன்னா இந்த வருஷம் வகுப்பு வேண்டாம்டா."

கட்டணம் நாலாயிரத்து ஐநூறு. கடைசி நாள் இருபத்தைந்தாம் தேதி.

அக்கா ஒரு துணிக்கடையில் ஆடைகளை அளவு திருத்துகிறாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறேன். மாலையில் கணக்குப்பதிவியல் வகுப்பு. எங்கள் இருவருக்கும் வங்கியில் ஒரே கணக்கு. நூல், ஜிப், பொத்தான் வாங்க அக்காவின் முதலாளி முன்பணத்தையும் அதிலேயே போட்டுவிடுவார். மாதக் கடைசியில் பில் வந்த பிறகுதான் அக்கா அதை மொத்தமாகக் கட்டுவாள். எனவே வங்கி இருப்பைப் பார்த்து எங்கள் பணம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. செலவை எழுதிக் கழித்தால்தான் தெரியும்.

நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டேன். ஐந்து ஆப்கள், ஐந்து தலைப்புகள், தலைப்புக்குப் பத்து மதிப்பெண். ஒரே நாள் செலவை ஐந்திலும் பதிந்து பார்த்தேன். முதல் ஆப் என் கனவு என்ன என்று கேட்டது. கேள்வியைத் தாண்ட வழி இல்லை. "கட்டணம்" என்று எழுதினேன், ஒரு பாய்மரப் படகைக் காட்டியது. இரண்டாவதில் சோப்பு விலையைப் பதிந்து முடிப்பதற்குள் மூன்று விளம்பரம். மூன்றாவது, முப்பதாவது பதிவில் காசு கேட்டது. நான்காவது அக்கா வாங்கிய ஊசியை மருத்துவச் செலவில் சேர்த்தது. ஐந்தாவது மட்டும் வாய்மூடி வேலை செய்தது. குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது. கொடுக்காமல் உள்ளே விடவில்லை. மின்கட்டணத்தை நினைவூட்டத்தான் கேட்கிறது என்று நினைத்துக் கொடுத்தேன். ஐம்பதுக்கு முப்பத்தெட்டு. நாற்பது தந்திருக்கலாமோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தினமும் சாயங்காலம் அக்கா தன் செலவைச் சொல்வாள். என்னுடையதையும் கூட்டி, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி தலைப்புக்கு ஒரே தொகையாகப் பதிவேன். பால், காய்கறி, சோப்பு எல்லாம் சேர்த்து "வீட்டுச் செலவு". ஒரு நாளும் தவறவில்லை.

இருபதாம் தேதி, மாதக் கடைசி வரை கட்டவேண்டிய வாடகை, கட்டணங்கள், அன்றாடச் செலவுக்கு ஒதுக்கியது எல்லாவற்றையும் கழித்து, மிச்சம் முந்நூற்றுப் பத்து என்று காட்டியது ஆப். கீழே "மற்றவை" என்ற தலைப்பு. அதற்குள் வரிசையாக யார் யாரோ. நான் கேள்விப்படாத பெண்களின் பெயர்கள், முதலெழுத்துகள், ஓர் இடத்தில் வெறும் எண். எல்லாருக்கும் எங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருந்தது.

"அக்கா, யாருக்காவது பணம் அனுப்பினியா?"

"யாருக்கு?"

நீட்டினேன். திரையைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"இவங்கல்லாம் யாருடா? உன் வகுப்புப் பொண்ணுங்களா?"

"என் வகுப்புல மொத்தமே நாலு பொண்ணுங்க. யாரும் என்கிட்ட பேனாகூடக் கேட்டதில்ல."

"அப்ப நானா அனுப்பினேன்? ஊசி வாங்கினதைக்கூட ஒண்ணுவிடாம உன்கிட்ட ஒப்பிக்கிறேன். என்னையே சந்தேகப்படுறியா, கணக்குப்பிள்ளை?"

"சந்தேகம் இல்லக்கா. கேட்டேன்."

"கேக்குற மூஞ்சியா இது?"

அதன்பின் இரண்டு நாள் அவள் செலவைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. தேநீர்க் கடையில் போனை நீட்டும்போது என் கை யோசிப்பதில்லை. வேறு எங்கெல்லாம் அப்படி நீட்டினேனோ? சொந்தச் செலவே தெரியாதவன் பிறர் கணக்கை எழுதப் படிக்கிறான் என்று நினைக்க எரிச்சலாக வந்தது.

விலகுபவர்கள் கடைசி நாளுக்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வகுப்பின் அறிவிப்புப் பலகையில் இருந்தது. இருபத்துமூன்றாம் தேதி ஓரத்தில் கோடு போட்டு, நாலே வரியில் கடிதம் எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன்.

"இவ்வளவு அழகா எழுதி யாருமே விலகினதில்லப்பா," என்றார் எழுத்தர்.

இருபத்தைந்தாம் தேதி மதியம் கடையில் கூட்டம். கண்ணாடி வாங்க வந்த பெரியவர் ஒருவர் பணம் அனுப்பப் போனைத் தூக்கி, அனுப்பாமல் நிறுத்திவிட்டார்.

"தம்பி, உங்க கடை பேரு வரலையே. யாரோ ஒரு அம்மா பேரு வருது."

"அது எங்க முதலாளியோட மாமியார், ஐயா. கணக்கு அவங்க பேர்ல இருக்கு. தைரியமா அனுப்புங்க."

தினம் ஐந்து பேரிடமாவது சொல்லும் பதில். சொல்லிவிட்டு லென்ஸைத் துடைக்கத் துணியை எடுத்தேன். கை அப்படியே நின்றது.

பெரியவர் போனதும் ஆப்பைத் திறந்தேன். போன வாரச் செவ்வாய்க்கிழமையின் பதிவு. "மற்றவை"யில் மூன்று பேர்: நாற்பது, நூற்றுப் பதினைந்து, எழுபத்திரண்டு. கூட்டினால் இருநூற்று இருபத்தேழு. அதே நாள் நான் கையால் பதிந்த வீட்டுச் செலவு இருநூற்று இருபத்தேழு. அந்தப் பெண்கள் பால்காரரின் மனைவி, காய்கறிக்காரரின் மகள், இன்னும் யார் யாருடைய மாமியாரோ. போனில் கொடுத்ததையெல்லாம் வங்கியின் குறுஞ்செய்தியிலிருந்து ஆப் தானே எழுதியிருந்தது. அதையே நான் கட்டம் போட்ட ஒழுங்கோடு இன்னொரு முறை எழுதியிருந்தேன்.

இரட்டித்தது மொத்தம் ஐயாயிரத்து எண்ணூற்று எழுபது. உண்மையான மிச்சம் ஆறாயிரத்து நூற்றெண்பது.

முதலாளியிடம் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டு ஓடினேன். எழுத்தர் பேரேட்டைத் திருப்பினார். என் பெயரின் மேல் சிவப்புக் கோடு, கடிதத்தின் ஓரத்தில் நான் போட்டதைப் போலவே நேராக.

"ஐயா, அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க. பணம் இருக்கு, இப்பவே கட்டிடறேன்."

"பேரை எடுத்தாச்சே. புதுசாச் சேரணும். சேர்க்கைக் கட்டணம் ஆயிரத்து இருநூறு தனி."

"மத்தவங்கல்லாம்..."

"மத்தவங்க சும்மா நின்னுடுவாங்க. அடுத்த மாசம் வந்து தலையைச் சொறிவாங்க, நானும் வாங்கிப்பேன். நீங்கதான் சட்டப்படி எழுதிக் கொடுத்தீங்க. எழுதிக் கொடுத்ததை நான் என்ன பண்றது?"

வெளியே படிக்கட்டில் நின்று அக்காவை அழைத்தேன். பின்னணியில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பால்காரர் மனைவியில் ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன். இயந்திரம் நின்றது.

"ஆக, நான் யாருக்கும் பணம் அனுப்பல?"

"இல்லக்கா."

"ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தியே, அதை எந்தத் தலைப்புல எழுதுவ?"

"கட்டிடட்டுமாக்கா?" என்றேன்.

"கட்டித் தொலை. அந்த ஆயிரத்து இருநூறை அடுத்த மாசம் உன் தேநீர்ல பிடிச்சுக்கறேன். விலகுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

இயந்திரம் மறுபடி ஓடியது. அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

ஐயாயிரத்து எழுநூறு கட்டினேன். மிச்சம் நானூற்று எண்பது. ரசீது வாங்கும் முன்பே போன் அதிர்ந்தது. ஆப் தானாகவே எழுதிவிட்டிருந்தது: யாரோ ஒருவருடைய பெயர், ஐயாயிரத்து எழுநூறு, தலைப்பு "மற்றவை". "கல்வி" என்று மாற்ற விரல் போனது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டேன்.

எழுத்தர் புதிய வரிசை எண்ணைக் கொடுத்தார். நாற்பத்தொன்று, கடைசி. அன்று மாலை என் பழைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கதவோரம் ஒரு நாற்காலி ஆடிக்கொண்டு கிடந்தது. அதன் காலுக்கடியில் ரசீதை மடித்து வைக்கலாமா என்று யோசித்து, கட்டம் போட்ட பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்து எட்டாக மடித்து வைத்தேன். அப்போதும் கொஞ்சம் ஆடியது.