இடப்பக்கம் வந்த படகு

எல்விராவுக்கு வலப்பக்கம் மட்டுமே மூச்செடுக்கத் தெரியும். ஐம்பத்தோரு வயதில் நீச்சல் கற்றவளுக்கு அதுவே பெரிது என்று குளத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் ஆற்று நீச்சல் போட்டியில் கூடவே வரும் வழிப்படகு அவளுக்கு வலப்பக்கமே வர வேண்டும். துடுப்புப் போடப்போகும் கணவன் ரெமிஹியோவிடம் அதை மூன்று தடவை சொன்னாள்.

"காது கேக்குது, கிழவி. படகு வலது, நீ இடது. மிச்சத்தை ஆறு பாத்துக்கும்."

இரண்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது.

அவர்கள் மகன் இவான் இதே ஆற்றில் ஏழு பருவம் நீந்தியவன். ஏழு பருவமும் அப்பன்தான் படகு. இரண்டு வருடத்துக்கு முன் பயிற்சி முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது நெடுஞ்சாலையில் லாரி அடித்து இறந்தான். ரெமிஹியோ அழவில்லை. படகைக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டான். அதன் பிறகு மகனுடைய பெயரைச் சொல்லவில்லை, ஆற்றுப் பக்கமும் போகவில்லை.

வீட்டில் யாராவது நீந்தினால் ஒழிய இவன் துடுப்பைத் தொடமாட்டான் என்று எல்விராவுக்குப் புரிந்தது. வீட்டில் மிச்சமிருந்தது அவள்தான். பதினாறு மாதம் குளத்துக்குப் போனாள். போட்டி முடியும் கொரோந்தா கரையை நெருங்கும் ஒவ்வொரு நீச்சல்காரருக்கும் சங்கு ஊதுவார்கள். அப்போது ரெமிஹியோ துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவான். அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பிப்ரவரி வெயில். இருபத்தோரு கிலோமீட்டர். தோல் உராயாமலிருக்க அவள் அக்குளிலும் கழுத்திலும் ரெமிஹியோதான் கொழுப்பைத் தடவிவிட்டான். படகின் பின்பலகையில் கண்காணிப்பாளர் நோர்மா, மாத்தே தேநீர்க் குடுவையோடும் நோட்டுப் புத்தகத்தோடும் உட்கார்ந்திருந்தாள். படகில் கை பட்டால் போட்டி முடிந்தது. அதைப் பார்த்து எழுதுவது அவள் வேலை.

தண்ணீருக்குள் குரல் கேட்காது. படகுக்காரன் சிலேட்டில் எழுதித்தான் காட்ட வேண்டும். முதல் மூன்று மணி நேரம் ரெமிஹியோ நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு, எவ்வளவு தூரம் என்று வெறும் எண்களை எழுதினான். 46. 48. 9 கி.மீ. ஒவ்வொரு மூச்சுக்கும் அவளுக்கு அவன் முழங்கை தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

பதினைந்தாவது கிலோமீட்டரில் ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று மிதந்து வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போன படகு அவளுக்கு இடப்பக்கம் வந்து சேர்ந்தது. அடுத்த மூச்சில் அவளுக்குக் கரையின் அலரி மரங்கள் மட்டுமே தெரிந்தன. அதற்கடுத்த மூச்சிலும் அதேதான். பக்கம் மாறிவிட்டான், திரும்புவான் என்று காத்திருந்தாள். திரும்பவில்லை. இவான் இடப்பக்கம் மூச்செடுப்பவன்.

கத்திச் சொல்லத் தலையைத் தூக்கினாள். ரெமிஹியோ சிலேட்டை அவளை நோக்கிப் பிடித்திருந்தான்.

*தோளை இறக்குடா இவான். ஆமை முந்துது.*

எல்விரா கத்தவில்லை. தலையை இறக்கி இடப்பக்கம் திருப்பினாள். வாய் நிறையச் சேற்றுத் தண்ணீர் போனது. இருமிவிட்டு மறுபடி இடப்பக்கமே திருப்பினாள். நாலில் ஒரு மூச்சுதான் காற்றாக வந்தது. அப்படியே ஒரு மணி நேரம் நீந்தினாள். சிலேட்டு நிற்கவில்லை. *தூங்குறியா. உங்கம்மா பாத்துட்டிருக்கா, மானத்தை வாங்காதே.* அவன் முகத்தில் பழைய சிரிப்பு இருந்தது.

கடைசித் தீனிக்குக் கழியில் கோப்பையை நீட்டினான். பாகில் ஊறிய பீச் துண்டுகள். இவானுக்குப் பிடித்தது. அவள் வாயில் வைக்கமாட்டாள். மல்லாந்து மிதந்தபடி கையை நீட்டி எடுத்தாள். விரலில் மோதிரம் நழுவாமல் இருக்க அவனே காலையில் சுற்றிய வெள்ளை ஒட்டுத்துணி. ரெமிஹியோ அதைப் பார்த்தான். பிறகு சிலேட்டைப் பார்த்தான்.

துடுப்புகள் நின்றன.

"எப்பலேருந்து இந்தப் பக்கம் வரேன்?"

"ஒரு மணி நேரமா."

"ஏன் சொல்லல?"

"நீ அவன்கிட்ட பேசிட்டிருந்தே."

அவன் கழியைக் கீழே போட்டான். வயிற்றில் யாரோ உதைத்தது போல முன்னால் மடங்கினான். அவனிடமிருந்து வந்த சத்தத்தை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. படகு குறுக்கே திரும்பிக்கொண்டது. கொரோந்தா கரை எதிரே தெரிந்தது. வண்ணக் குடைகள், கொடிகள், மிதவை வரிசை. நானூறு மீட்டர் இருக்கும். மிதவை வரிசைக்குள் நீச்சல்காரர் படகு இல்லாமலும் போகலாம், விதி அதை அனுமதிக்கிறது.

"போ, கிழவி," என்றான் முகத்தை நிமிர்த்தாமல். "இவ்வளவு தூரம் வந்துட்டே. போயிடு."

எல்விரா கரையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்தாள்.

நோர்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் அந்தக் கொக்கைப் பாத்துட்டிருந்தேன். எதுவும் என் கண்ணுல படல."

"பட்டுது, நோர்மா. எழுதிக்கோ."

நோர்மா எழுதினாள். பிறகு எல்விராவின் அக்குளைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டாள். அவள் கொழுப்பும் சேறுமாக ஊர்ந்துபோய் ரெமிஹியோவின் முழங்காலருகே உட்கார்ந்தாள். அவன் அழுதுகொண்டே இருந்தான். துடுப்பை யாரும் தொடவில்லை. ஆறு படகைத் தன்பாட்டுக்கு இழுத்துப் போனது.

கரையில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. படகைக் கண்டதும் சங்கு ஊதினார்கள்.